காப்புக் கட்டிய ஊரில் சோம்பு வாசம்

தகரக் கதவில் பிரம்படி விழுந்த சத்தத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. மூன்றாவது அடிக்குக் கொக்கி பிடுங்கிக்கொண்டது. கதவு உள்பக்கமாகச் சாய்ந்து மாவுத் தொட்டியின் விளிம்பில் மோதி நின்றது.

சொர்ணவல்லி முழங்கைவரை மாவோடு திரும்பிப் பார்த்தாள். வாசலில் பூசாரி சோலையப்பன் நின்றார். கையில் பிரம்பு, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, மூக்கு மேல்நோக்கி. அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆட்கள்.

"சட்டிய எங்கிட்டு வச்சிருக்க?" என்றார் பூசாரி.

"என்ன சட்டி?"

"கறிச்சட்டி! காப்புக் கட்டி இன்னியோட மூணு நாளு. தெருவே மணக்குது. ஆத்தா எந்திரிச்சு வந்து எல போடச் சொல்லுவா போல இருக்கு!"

அவள் பதில் சொல்வதற்குள் ஆட்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார்கள். உப்புச் சாடியைத் திறந்து பார்த்தார்கள். நாளை விடியற்காலைக்காகப் பிசைந்துகொண்டிருந்த மாவுக்குள் ஒருவன் விரலை விட்டுப் பார்த்தான். ரொட்டி அடுப்பின் வாயில் குனிந்த பூசாரிக்கு, தட்டில் காய்ந்துகொண்டிருந்த ரஸ்க் துண்டுகள்தான் கிடைத்தன. அவற்றில் கறி இருப்பதற்கு வழியே இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்தபோது பரண்மேல் ஒரு தகர டப்பா கண்ணில் பட்டது. திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது என்ன?"

"சோம்பு."

"கறி ஆக்காத வீட்டுல சோம்புக்கு என்ன சோலி?"

"ரொட்டிக்குப் போடுறது, பூசாரி."

"கேட்டீகளா கதைய? ரொட்டிக்குச் சோம்பாம்! நாளைக்குப் பாயசத்துக்குக் கருவாடு போடுவா இந்த ரங்கூன்காரி."

வந்தவர்கள் சிரித்தார்கள். பூசாரி டப்பாவைத் துண்டில் முடிந்துகொண்டார். "வெயில் தாழக் கோயில் வாசலுக்கு வந்து சேரு. ஒம் புருசனையும் கூட்டிக்கிட்டு வா. அன்னிக்குப் பேசுன பேச்சு ஞாபகம் இருக்கில்ல? கறி நெடி வந்தா அடுப்ப இடிச்சிரணும்."

அந்தப் பேச்சு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அன்னவாசலிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருக்கும் சுனைப்பட்டியில், பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாளுக்குக் கறி கிடையாது, மீன் கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, ஒரு கடுகு வெடிக்காது. அம்மை போடுகிற காலம். தாளிக்கிற நெடி மாரியாத்தாளுக்கு ஆகாது. காப்புக்கு முதல் நாளே பெண்கள் அம்மியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் மசாலைப் பொடியைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிடுவார்கள். மளிகைக் கடைக்காரர்கூடச் சோம்பு, பட்டை, கிராம்பு டப்பாக்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். அந்த எட்டு நாளில் கடைக்குப் போய்ச் சோம்பு கேட்பதும், நான் கறி தின்னப்போகிறேன் என்று தமுக்கு அடிப்பதும் ஒன்றுதான்.

இந்த வழக்கமெல்லாம் சொர்ணவல்லிக்குப் புதிது. அவள் ரங்கூனில் பிறந்தவள். அப்பன் அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். சுனைப்பட்டியிலிருந்து பிழைக்கப் போன சிவசாமி அந்தக் கடையில் மாவு பிசைந்து, பிறகு மருமகனாகவும் ஆனான். போன வருஷம் அங்கே கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டதும் இரண்டு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். மூன்று மாதம் களிமண் மிதித்து, செங்கல் அடுக்கி, கவிழ்த்த பானைபோல இந்த அடுப்பைக் கட்டினார்கள். அவர்களுக்கு இருந்த சொத்து, நிலம், உத்தியோகம் எல்லாம் அந்த அடுப்புதான்.

சுனைப்பட்டிக்காரர்கள் ரொட்டி வாங்குவதில்லை. ரொட்டி என்பது காய்ச்சல்காரன் தின்பது. யாராவது ஒரு பன் வாங்கிப் போனால் எதிரே வருகிறவர், "வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியல?" என்று விசாரிப்பார். ஆகவே சிவசாமி தினமும் சைக்கிளில் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்னவாசல் பஸ் நிற்கிற இடத்து டீக்கடைகளுக்குப் போனான். அங்கே சோம்பு பன்னுக்கு நல்ல பெயர் இருந்தது. வெறும் சட்டியில் சோம்பைக் கை பொறுக்கிற அளவுக்குச் சூடுகாட்டி, கொஞ்சம் சர்க்கரையோடு ஒன்றிரண்டாகத் தட்டி, மாவில் பிசைந்துவிடுவாள் சொர்ணவல்லி. ரொட்டி வேகும்போது கல்யாண வீட்டு வாசல்போல ஒரு தித்திப்பு வாசம் வரும்.

காப்புக் கட்டுகிற அன்று ஊர் கூடியபோது பூசாரி இந்த அடுப்பைத்தான் முதலில் எடுத்தார். ரொட்டி சுடுவது பொரிப்பதில் சேர்த்தியா, அவிப்பதில் சேர்த்தியா? அவிப்பது ஆகும், பொரிப்பது ஆகாது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பொழுது முழுக்க வழக்காடினார்கள். எண்ணெய் இல்லாததால் பொரியல் இல்லை என்றார் ஒருவர். தண்ணீர் இல்லாததால் அவியலும் இல்லை என்றார் இன்னொருவர். கடைசியில் ஊர்த்தலைவர் அழகுமலை அம்பலகாரர்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"வெயில் நம்மளச் சுடுது. அதப் பொரிக்குதுங்குறதா, அவிக்குதுங்குறதா? அது பாட்டுக்குச் சுட்டுட்டுப் போகட்டும்."

பூசாரி அதற்குமேல் ஒரு நிபந்தனையை மட்டும் ஒட்டவைத்தார். கறி நெடி வெளியே வந்தால் அன்றைக்கே அடுப்பை இடிக்க வேண்டும். அம்பலகாரர் தலையை ஆட்டினார். அவர் கையிலும் பூசாரி கையிலும் அன்றுதான் மஞ்சள் கயிறு ஏறியது.

பூசாரியின் கூட்டம் போனபிறகு சொர்ணவல்லி கதவு இருந்த இடத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பூசாரியைக் குற்றம் சொல்ல முடியாது. வாசம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவள் அடுப்பு வாசம் இல்லை. அவளுடைய சோம்பு பன் விடியற்காலையிலேயே வெந்து சிவசாமியின் பெட்டியில் ஏறிவிட்டது. மத்தியானம் அடுப்பில் இருந்தது வெறும் ரஸ்க். இது வேறு. எண்ணெயில் சோம்பும் பட்டையும் விழுந்து, அதன்மேல் சின்ன வெங்காயம் விழுந்து, அதன்மேல் இன்னொன்றும் விழுந்த வாசம். காற்று வடக்கேயிருந்து வந்தது. வடக்கே ஒரு கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அம்பலகாரர் வீட்டுக் கொல்லை.

அன்று விடியற்காலையில் அந்த வேலியின் சந்து வழியாகத்தான் அம்பலகாரர் மனைவி அமராவதி வந்திருந்தாள். மகன் ஆத்மநாதன் பட்டாளத்திலிருந்து இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தான். காப்புக் கட்டிய மறுநாள் வந்தவன் வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும். காப்பு அவிழ்ப்பது அடுத்த செவ்வாய்.

"ரயில் சோறு ஒத்துக்கல போலருக்கு, சொர்ணம். வவுறு பொருமிக்கிட்டுக் கெடக்கான். சோம்புத் தண்ணி வச்சுக் குடுக்கணும். ஒரு கைப்பிடி குடேன்."

சோம்புத் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை போதும். அமராவதி கேட்டது ஒரு கைப்பிடி. சொர்ணவல்லி அப்போது அதை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள்.

சிவசாமி மூன்று மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சாய்ந்த கதவைப் பார்த்தான். அவள் சொன்னதைக் கேட்டான். சைக்கிளை நிறுத்தாமலே சொன்னான்:

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அமராவதி அயித்தைதான் வாங்கிட்டுப் போனாகன்னு ஊருக்கு முன்னால சொல்லிரு. அங்கிட்டுப் போயிச் சட்டியத் தொறந்து பாக்கட்டும்."

"பாத்தா?"

"நம்ம தப்பிச்சோம்."

"நல்லாத் தப்பிச்சோம். அடுப்பு மூட்டலாம்னு சொன்னது யாரு? அம்பலகாரர் மாமா. அவுக வீட்டுலயே கறின்னு ஆயிப்போச்சுன்னா அவுக தீர்ப்பு நாளைக்குச் செல்லுமா? பூசாரி சொல்லுதான் சட்டம். நாளைக்கு விடிஞ்சதும் கடப்பாறையோட வந்து நிப்பாரு."

சிவசாமி சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "அப்ப நம்மதான் கறி ஆக்குனோம்னு ஒத்துக்கிறதா?"

"கறி ஆக்கல. வெங்காய ரொட்டி சுட்டேன். தீஞ்சு போச்சு. அதான் நெடி."

"எப்பச் சுட்ட?"

"சுடல. சுட்டேன்னு சொல்லப்போறேன். எங்கப்பன் போடுவாருல்ல, புரட்டாசி ரொட்டி."

சிவசாமிக்கு ஞாபகம் வந்தது. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தமிழ் ஆட்கள் புரட்டாசி மாதம் முழுக்கக் கறியை விட்டுவிடுவார்கள். இரண்டாவது வாரத்தில் அவர்களுக்குக் கண் சொருகிப்போகும். அவர்களுக்காகவே மாமனார் ஒரு ரொட்டி போடுவார். உள்ளே சோம்பு, மிளகு, வெங்காயம். கறியின் நிழல்கூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தால் மட்டும் கறிக்குழம்பு முன்னால் வந்து நிற்கும். விரதமும் கெடாது, நாக்கும் சாகாது.

"பூசாரி நம்புவாரா?"

"நம்ப மாட்டாரு. சுட்டுக் காட்டுன்னு சொல்லுவாரு. சொல்லணும்."

"அதே வாசம் வரலேன்னா?"

சொர்ணவல்லி வெங்காயக் கூடையை முன்னால் இழுத்து வைத்தாள். அமராவதியின் மேல் அவளுக்கு இரக்கம் என்று எதுவும் பெரிதாக இல்லை. அடுப்பு நிற்க வேண்டும். அடுப்பு நிற்பதற்கு அம்பலகாரர் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. அம்பலகாரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பூசாரி துண்டை அவிழ்த்துச் சோம்பு டப்பாவை எல்லோருக்கும் காட்டினார்.

"மத்தியானம் அடுப்புல என்ன வச்ச? ஆத்தா முன்னால நிக்கிற. நெசத்தச் சொல்லு."

"வெங்காய ரொட்டி, பூசாரி. சோம்பு தூக்கலாப் போட்டது. மொதத் தடவையா, கை தப்பிப்போயித் தீஞ்சிருச்சு."

"தீஞ்ச ரொட்டி எங்க?"

"காத்தாயி ஆட்டுக்குப் போட்டேன்."

காத்தாயி அவளுக்கு வேலிமுள் வெட்டிக்கொண்டு வந்து போடுகிறவள். அடுப்பு எரிந்தால்தான் அவளுக்குக் கூலி. கூட்டத்தின் பின்னாலிருந்து அவள் குரல் கணீரென்று வந்தது.

"ஆமாங்க. தின்டுப்புட்டு இன்னமும் ஏப்பம் விட்டுக்கிட்டு நிக்கிது. சந்தேகம்னா பூசாரி வந்து ஆட்டு வாய மோந்து பாக்கட்டும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பூசாரிக்குக் காது சிவந்தது.

"ஆட்டு சாட்சியெல்லாம் வேணாம். அதே ரொட்டிய இப்பச் சுடட்டும், எல்லார் கண்ணு முன்னாலயும். அதே வாசம் வந்தா நான் வாயப் பொத்திக்கிறேன். வரலேன்னா இன்னிக்கே அடுப்பு தரமட்டம். என்ன சொல்றீக, அம்பலகாரரே?"

அம்பலகாரர் வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளினார். "ஞாயந்தான். சுடட்டும்," என்றார்.

ஊர் எழுந்து ரொட்டி அடுப்புக்கு நடந்தது. கயிற்றுக் கட்டிலும் கூடவே வந்தது. ஒருவன் கடப்பாறையையும் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

ரஸ்க் காய்ந்த சூடு ரொட்டிக்குப் போதாது. காத்தாயி முள்ளுக்கட்டை உள்ளே தள்ளினாள். வேலிமுள் படபடவென்று பற்றியது. சொர்ணவல்லி மாவை உருட்டினாள். பூசாரி பக்கத்திலேயே குத்தவைத்து ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துக் கொடுத்தார். சின்ன வெங்காயம் ஒரு படி. மிளகு. உப்பு. சோம்பு.

"எண்ணெய்?"

"ஒரு சொட்டுக் கெடையாது. தட்டத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். மாவு ஒட்டியது.

சோம்பில் பாதியை அவள் தட்டி மாவுக்குள் போட்டாள். மீதியை அப்படியே வைத்துக்கொண்டாள். அரிந்த வெங்காயத்திலும் பாதி உள்ளே, பாதி வெளியே. ரொட்டிகளைத் தட்டில் அடுக்கினாள். தணலை ஒதுக்கி, ஈரத்துணி கட்டிய கோலால் அடுப்பின் தரையைத் துடைத்தாள். ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசினாள். அது எண்ணுவதற்குள் பழுப்பானது. சூடு சரி. நீளப் பலகையால் தட்டை உள்ளே தள்ளினாள்.

ஊர் மூச்சை இழுத்தது.

முதலில் வந்தது தித்திப்பு வாசம். புது மாவும் சோம்பும் சேர்ந்த பதமான வாசம். டீக்கடையில் பெயர் வாங்கிய வாசம். இங்கே அது ஒன்றுக்கும் உதவாது என்று அவளுக்குத் தெரியும்.

"இது இல்லீங்க," என்றான் ஒருவன்.

"இது ஏதோ மிட்டாய்க் கட வாசமாவுல்ல இருக்கு," என்றான் மற்றவன்.

பூசாரி எழுந்து நின்று இடுப்பில் துண்டை இறுக்கினார். "கடப்பாறைய இங்கிட்டுக் கொண்டா."

சிவசாமி மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்க பூசாரி. சோறு வேகுறதுக்கு முந்தியே கஞ்சி வடிக்கிறதா?"

"எம்புட்டு நேரம் பொறுக்க?"

"வெத்தல போடுற நேரம்."

மிச்சம் வைத்த வெங்காயத்தையும் முழுச் சோம்பையும் ஒரு வெறுந்தகட்டில் பரப்பி, தணலுக்குப் பக்கத்தில், ரொட்டிகளுக்கு முன்னால் தள்ளினாள். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். 'சுர்' என்றது. ஈரம் முதலில் ஆவியாகிப் போனது. பிறகு வெங்காயம் ஓரத்தில் சிவந்தது, கறுத்தது. சோம்பு பொரிந்து வெடித்தது. எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை. எண்ணெய் செய்ய வேண்டியதைத் தீ செய்துகொண்டிருந்தது. கோழிக்கென்று பெரிதாக ஒரு வாசம் கிடையாது என்பார் அவள் அப்பன். கோழி மணக்கிறது என்று ஆட்கள் சொல்வதில் முக்கால் பங்கு சோம்பும் வெங்காயமும்தான். கால் பங்கு அவர்களுடைய ஆசை.

வாசம் திரும்பியது.

பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று நாளாகப் பச்சைப்புளித் தண்ணீரையும் அவித்த கிழங்கையும் தின்ற ஊர். முன்வரிசையில் நின்ற ஒரு பெரியவரின் தொண்டை மணி ஏறி இறங்கியது. பின்னால் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. கடப்பாறை வைத்திருந்தவன் அதை மெதுவாகத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"அடியாத்தே," என்றாள் காத்தாயி. "கோழி அறுத்தாக்கூட இம்புட்டு மணக்காது."

ஊரே விழுங்கிக்கொண்டிருந்தபோது விழுங்காமல் இருந்தவர்கள் மூன்று பேர். வேலியோரம் பட்டாளத்துக் கால்சட்டையோடு நின்ற ஆத்மநாதன் ஒருவன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அமராவதி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்றாவது ஆள் அம்பலகாரர். அவர் திருப்தியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பெரிய மனுஷருக்கு எவ்வளவு நாவடக்கம் என்று சிவசாமி நினைத்துக்கொண்டான்.

"எல்லாரும் மோந்தீகளா?" என்றார் அம்பலகாரர். "மத்தியானம் நான் வீட்டுல உக்காந்திருக்கையில வந்ததும் இதே வாசந்தான். அணுவளவும் பெசகு இல்ல."

பூசாரிக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கென்னமோ மத்தியானம் வந்ததுல கறி நெடி கலந்து..."

"பூசாரி, ஒங்களுக்குக் கறி நெடி எப்பிடித் தெரியும்? ஆத்தாளுக்கு வெளக்கேத்துற ஆளு, வருசம் பூராவும் சுத்தபத்தம்னு சொல்லிக்கிறவரு. தெரியும்னா எப்பிடித் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க, அதையும் ஊரு கேக்கட்டும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பூசாரி பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வாசம் சரி. உள்ள என்ன இருக்குன்னு தின்டு பாத்தாத்தானே தெரியும்?"

சொர்ணவல்லி தட்டை வெளியே இழுத்தாள். ஆவி பறக்க ஒன்றைப் பிட்டுக் கொடுத்தாள். பூசாரி ஊதி ஊதித் தின்றார். உள்ளே தேடினார். வெங்காயம்தான் இருந்தது. சந்தேகம் தீராமல் இன்னொன்றை வாங்கி அதையும் முழுக்கத் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கறி இல்ல," என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அம்பலகாரர் கட்டிலைவிட்டு எழுந்தார். எழுந்தால் தீர்ப்பு என்று அர்த்தம்.

"ஒடஞ்ச கதவுக்குப் பூசாரி புதுக் கொக்கி போட்டுக் குடுக்கணும். சொர்ணவல்லி இனிமே காப்பு அவுக்குற வரைக்கும் தெனமும் உச்சிப்பொழுதுல இந்த ரொட்டியத்தான் சுடணும். மொத ரொட்டி ஆத்தாளுக்கு, மிச்சம் ஊருக்கு. இது ரொட்டி வாசம்னு இன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனிமே இந்த வாசத்தச் சாக்கு வச்சு ஒருத்தரும் ஒருத்தரு வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

ஊருக்கு இதைவிட நல்ல தீர்ப்புக் கிடைத்ததில்லை. உச்சிப்பொழுது எதற்கு, காலையில் சுட்டால் ஆகாதா என்று சொர்ணவல்லிக்கு ஒரு கேள்வி எழுந்தது. கேட்க நேரமில்லை. கூட்டம் தட்டை மொய்த்துக்கொண்டது. காய்ச்சல்காரன் தின்கிற ரொட்டியைச் சுனைப்பட்டி முதல் தடவையாக நல்ல உடம்போடு, அதுவும் ஒருவரையொருவர் முண்டிக்கொண்டு வாங்கித் தின்றது. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று காத்தாயி கையை நீட்டி மறித்துப் பார்த்தாள். நடக்கவில்லை. நாளைக்கு எங்களுக்கு நான்கு, எங்களுக்கு ஆறு என்று பெண்கள் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

"அன்னவாசலுக்கு நாளைக்குப் போகணுமா?" என்று கேட்டான் சிவசாமி, காலிப் பெட்டியைப் பார்த்து.

"போயிட்டு வாங்க. உச்சிக்கு முந்தித் திரும்பிருங்க. இங்கிட்டு ஆளு வேணும்."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாய்க் கிளுவை வேலியின் சந்து சலசலத்தது. அமராவதி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து நான்கு முட்டைகளை எடுத்து மாவுத் தொட்டியின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"கோழிக நல்லா இடுதா, அயித்தே?" என்றாள் சொர்ணவல்லி.

"இருக்குறது இடுது."

"மச்சானுக்கு வவுறு தேவலையா?"

"சோம்புத் தண்ணி நல்லாக் கேட்டுச்சு," என்றாள் அமராவதி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பிறகு அவளாலேயே முடியவில்லை. அடுப்பு மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு வருசமாப் பனிக்குள்ள கெடந்து ரொட்டியும் பருப்புமாத் தின்டுட்டு வந்த புள்ள, சொர்ணம். திரும்பிப் போற எடத்துல என்ன நடக்குமோ, யாரு கண்டா? கீரையக் கடஞ்சு போட்டு அனுப்பச் சொல்றியா? ஆத்தாளும் புள்ளக்காரிதானே, பொறுத்துக்குவா. நீயும் பொறுத்துக்கிட்ட. அந்த நேரத்துல நீ வாயத் தொறந்திருந்தா எங்குடும்பம் நடுத்தெருவுல நின்டுருக்கும்."

"எங்குடும்பமும் கூடத்தான் நின்டுருக்கும்," என்றாள் சொர்ணவல்லி. அதில் கசப்பு எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். பூசாரி திருப்பிக் கொடுத்த டப்பாவைப் பரணிலிருந்து எடுத்து, பாதிக்கு மேல் இறங்கியிருந்த சோம்பைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு நேற்றிலிருந்து மனசில் கிடந்ததைக் கேட்டாள். "ஏன் அயித்தே, மாமாவுக்கு மட்டும் விசயம் தெரிஞ்சிருந்தா நேத்து என்ன ஆயிருக்கும்?"

அமராவதி முந்தானையை இடுப்பில் செருகினாள். எழுந்து இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து டப்பாவுக்கு நேராக நீட்டினாள்.

"இன்னிக்கு ரெண்டு கை நெறைய அள்ளு. உச்சிப்பொழுதுக்குச் சித்த முந்தியே ரொட்டிய அடுப்புல வச்சிரச் சொல்லி என்னைய அனுப்புனதே ஒங்க மாமாதான். நேத்து ஈரலு அவுகளுக்குப் பத்தலையாம்."